பீர் சக்கையை மாட்டுக்குப் போடலாமா?

தாளவாடிப் பக்கம் ஆறு கலப்பினக் கறவை மாடு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மச்சான் பெங்களூருக்குக் கோஸ், பீன்ஸ் ஏற்றிப்போறாருங்க. அங்கே சொந்தமாகப் பீர் காய்ச்சும் ஓட்டல் ஒன்றில் பார்லிச் சக்கையைச் சும்மாவே தருகிறார்களாம். திரும்பும் வண்டியில் கொண்டுவந்து மாட்டுக்குப் போடலாமுங்களா? பாலில் சாராய வாடை வந்தால் சொசைட்டியில் எடுப்பார்களா?"

தாராளமாகப் போடலாம். சாராயம் பற்றிய பயம் வேண்டாம். முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்தபின் மிஞ்சுவதுதான் இந்தச் சக்கை. ஈஸ்ட் சேர்ப்பது அதற்கப்புறம், வடித்த சாற்றில். மாவுச்சத்து பெரும்பாலும் சாற்றோடு போய்விடும்; புரதமும் நாரும் சக்கையில் தங்கும். காய்ந்த எடையில் 20 முதல் 30 சதவீதம் வரை புரதம் இருக்கும். 100 லிட்டர் பீர் காய்ச்சினால் ஏறக்குறைய 20 கிலோ ஈரச் சக்கை விழும். காய்ச்சுகிறவர்களுக்கு அதுதான் பெரிய கழிவு. கொட்டிவிட்டால் அழுகி நாறும். உங்கள் தொட்டிக்கு வந்தால் பாலாகும்.

வண்டி எப்படியும் காலியாகத்தான் திரும்புகிறது என்பதால் உங்கள் யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. இதற்கென்றே தனி வண்டி அனுப்புவதாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். சக்கையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதைச் சுமந்துவர டீசல் எரிக்கக் கூடாது. நாளைக்கு அவர்கள் விலை கேட்டாலும் இதே கணக்குதான். ஈரச் சக்கை கிலோ 5 ரூபாய் என்றால், காய்ந்த எடைக்குக் கிலோ 20 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறீர்கள். அதைப் புண்ணாக்கு விலையோடு வைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், சக்கை எத்தனை மணிக்கு வடித்தது என்பது. சூடாக, ஈரமாக, கொஞ்சம் இனிப்போடு மூட்டை கட்டினால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? வெயில் காலத்தில் இரண்டாம் நாளே கெட ஆரம்பிக்கும். அன்று வடித்ததை மட்டும் ஏற்றச் சொல்லுங்கள். வந்ததும் நிழலில் பரப்பி ஆறவிடுங்கள். உங்கள் ஆறு மாட்டுக்கு நாளொன்றுக்கு 60 கிலோ போதும். அன்றைக்குப் போட்டதுபோக மிஞ்சியதை, நறுக்கிய காய்ந்த சோளத்தட்டோடு கலந்து, பிளாஸ்டிக் டிரம்மில் காற்றுப் புகாமல் மிதித்து அடைத்து மூடிவிடுங்கள். மூன்று வாரத்தில் ஊறுகாய்ப் புல் மாதிரிப் பதமாகிவிடும். திறந்தபின் தினமும் மேலிருந்து ஒரு அடுக்கு எடுத்துவர வேண்டும்.

பச்சை, கறுப்புப் பூஞ்சை தெரிந்தால் அதை ஒதுக்கிவிட்டு மீதியைப் போடலாம் என்று நினைக்காதீர்கள். மொத்தமும் எருக்குழிக்குத்தான். பூஞ்சை நஞ்சு பாலிலும் இறங்கும். இப்படி முளைகட்டிய தானியச் சக்கையில் வளரும் ஒருவகைப் பூஞ்சை மாட்டின் நரம்பையே தாக்கும்: உடல் நடுங்கும், பின்னங்கால் தடுமாறும், விழுந்தால் எழாது. அப்படித் தெரிந்த நிமிடமே சக்கையை நிறுத்தி, கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்கு அழைத்துவிடுங்கள்.

அளவு: முதலில் மாட்டுக்கு 2 கிலோ, பத்து நாளில் மெல்ல ஏற்றி 10 கிலோ. அதில் சுமார் அரைக் கிலோ புரதம் கிடைக்கும். அப்போது கடலைப் புண்ணாக்கில் ஒரு கிலோவரை குறைக்கலாம். சோளத்தட்டை மட்டும் குறைக்காதீர்கள். சக்கையில் நார் இருந்தாலும் பொடிப்பொடியாக இருப்பதால் மாடு அசைபோட உதவாது, பாலில் கொழுப்பு இறங்கும். சுண்ணாம்புச் சத்தும் இதில் குறைவு, ஆகவே தாது உப்புக் கலவை கட்டாயம். சாராய வாடை வராது. புளித்த தீவன வாடை வரக்கூடும். அதனால் கறந்து முடித்தபின் போடுங்கள். சிறு கன்றுகளுக்கு இது வேண்டாம்.

மச்சானிடம் இன்னொன்றும் சொல்லிவையுங்கள். பீர் தொட்டியின் அடியில் தங்கும் ஈஸ்ட் சேற்றையும் சில இடங்களில் சேர்த்துத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதில் உண்மையிலேயே சாராயம் உண்டு, ஈஸ்ட்டும் உயிரோடு இருக்கும். மாட்டுக்கு வயிறு உப்பும். சக்கைக்குத் தனி டிரம் கொடுத்தனுப்பி, அதில் வேறெதையும் ஊற்ற வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள்.