கட்டிப்போட்டால் குதிரை பழகுமா?

வணக்கம்.

மலையூர் ஒன்றில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்த எட்டு வயது மட்டக்குதிரையை வாங்கி ஒரு மாதம் ஆகிறது. வாயோரங்களில் தழும்பு. கையைத் தூக்கினாலே தலையை உயர்த்திச் சுவரோரம் ஒண்டுகிறது. லாயத்துக்குள் போனால் பின்புறத்தைக் காட்டுகிறது. வெல்லம் நீட்டினால் கையையும் சேர்த்துக் கவ்வ வருகிறது. குட்டையாகக் கட்டிப்போட்டு உடம்பெல்லாம் தடவினால் நான்கு நாளில் அடங்கும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

ஆர்., உடுமலைப்பேட்டை

அன்புள்ள ஆர்.,

தயவுசெய்து கட்டாதீர்கள். ஓட வழியில்லாத குதிரை நான்கு நாளில் அசையாமல் நிற்கத்தான் செய்யும். மூக்குத்துளை இறுகி, பார்வை நிலைகுத்தி, வால் ஒடுங்கியிருக்கும். பயம் உள்ளேயே இருக்கிறது. அதை அமைதி என்று நம்பி ஏறினால் ஒருநாள் வெடிக்கும்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள். குதிரையின் கடைவாய்ப் பற்கள் தேயத் தேய ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருப்பவை. மேல்பற்களின் வெளிவிளிம்பு கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும், கீழ்ப்பற்களின் உள்விளிம்பு நாக்கைக் கிழிக்கும். அரம் போட்டு ராவிவிட வேண்டும். வாயோரத் தழும்பு முள் கடிவாளத்தாலும் வந்திருக்கலாம். வண்டி, சுமை விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு மத்திய விதிகள் அதைத் தடைசெய்த பிறகும் பலர் விடவில்லை. சில மாதங்களுக்கு எந்தக் கடிவாளமும் வேண்டாம். முதுகுப் புண், குளம்பு இரண்டையும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள். வலியோடு இருக்கும் குதிரையிடம் எந்தப் பழக்கமும் ஏறாது.

அடுத்தது வயிறு. குதிரையின் இரைப்பையில் தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். வெறும் வயிறு புண்ணாகும், புண் சிடுசிடுப்பாகும். 250 கிலோ எடை என்றால் நாளுக்கு நான்கைந்து கிலோ காய்ந்த புல்லைப் பல வேளையாகப் பிரித்துப் போடுங்கள். எலும்பு தெரிய மெலிந்திருந்தால் கொள்ளுத் தானியத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீர்த் தானியம் ஆபத்து.

இனி உங்கள் கேள்வி. லாயத்துக்குள் போய்ப் பழக்க வேண்டாம், அங்கே அதற்கு ஒதுங்க இடமில்லை. வேலி போட்ட திறந்த இடத்தில், காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் போதும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் குதிரைக்குக் கண் தெரியாது. எனவே பக்கவாட்டில், தோளை நோக்கிச் சாய்வாக நடங்கள். மெல்லுவதை நிறுத்துகிறதா, காது விறைக்கிறதா, கழுத்து உயர்கிறதா என்று பாருங்கள். ஏதேனும் ஒன்று தெரிந்தவுடன் நில்லுங்கள், இரண்டடி பின்வாங்குங்கள். எல்லாமே இந்த இரண்டடியில்தான் இருக்கிறது. பெரும்பாலோர் தவறுவதும் இங்கேதான்: அது உதைக்கவோ கடிக்கவோ வரும்வரை முன்னேறிவிட்டுப் பிறகு விலகுவார்கள். கடித்தால்தான் மனிதன் போவான் என்று அது கற்றுக்கொள்ளும். காது விறைக்கும்போதே நீங்கள் விலகினால், காதே போதும் என்று கற்றுக்கொள்ளும்.

தொட விட்டால் முகத்தைத் தொடாதீர்கள். பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரல்நுனியால் சொறியுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிக்கொள்ளும் இடம் அது. மேலுதடு நீண்டு துடித்தால் பிடித்திருக்கிறது என்று பொருள். நன்றாக இருக்கும்போதே கையை எடுத்துவிட்டு நீங்களே நகருங்கள்.

வெல்லத்தைக் கையில் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். சிறு துண்டைத் தரையிலுள்ள தட்டில் போடுங்கள். தூக்கிய கைக்கான பயத்துக்கும் இதே தட்டுதான்: மூன்று மீட்டர் தள்ளி நின்று கையை இடுப்பளவு உயர்த்தி இறக்குங்கள், உடனே தட்டில் ஒரு துண்டு. அது அசராமல் நின்றால் மறுநாள் மார்பளவு. அசைந்தால் பழைய உயரத்துக்கே திரும்புங்கள்.

தலைக்கயிற்றை மாட்டாதீர்கள். வளையமாக விரித்துப் பிடித்தால் அதுவாக மூக்கை நுழைக்கும் நாள் வரும். நுழைத்தவுடன் எடுத்துவிடுங்கள். பல நாள் கழித்துப் பூட்டி நடத்தும்போது, கயிறு மூன்று மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். கையில் மட்டும் சுற்றிக்கொள்ளாதீர்கள். திமிறினால் விரல் போய்விடும்.