ஃபிரீமேசன் விருந்துக்குக் கூப்பிட்டால் போகலாமா?

தம்பி, இங்கிலாந்துக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, கூட வேலை பார்க்கும் பெரியவர் தன் ஃபிரீமேசன் லாட்ஜ் விருந்துக்குக் கூப்பிடுகிறார், போகலாமா, மதம் மாற்றுவார்களா, சேர்ந்தால் வேலையில் உயர்வு கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். ஃபிரீமேசன்கள் (சுருக்கமாக மேசன்கள்) என்பவர்கள் சடங்குகளோடு கூடி, நட்பும் தர்மமும் வளர்க்கும் ஒரு பழைய சகோதரச் சங்கத்தினர். நான் உறுப்பினர் இல்லை. ஆனால் இந்தப் பத்தொன்பது வருடத்தில் என் தெருவிலேயே மூன்று மேசன்களோடு பழகியிருக்கிறேன்.

விருந்துக்குத் தாராளமாகப் போங்கள். லாட்ஜ் என்றால் இங்கே தங்கும் விடுதி இல்லை, அவர்களுடைய கிளை. சேருகிறவருக்குக் கடவுள் நம்பிக்கை வேண்டும். எந்தக் கடவுள் என்று கேட்பதில்லை. இந்து என்றால் கீதையின் மேல் கை வைத்தே உறுதிமொழி எடுக்கலாம். கூட்டத்தில் மதமும் அரசியலும் பேசக் கூடாது. நீங்கள் கத்தோலிக்கர் என்றால் மட்டும் சேருவதற்கு முன் யோசியுங்கள்: 1738 முதல் திருச்சபையின் தடை இருக்கிறது, 1983இல் வாடிகன் அதை மறுபடி உறுதி செய்தது.

வேலை உயர்வை நினைத்துப் போகாதீர்கள். லாபம் கருதி வரவில்லை என்று சேரும் அன்றே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அந்த மூவரில் ஒருவர் என் பக்கத்து வீட்டுக்காரர், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மாலையில் நாயைக் கூட்டிக்கொண்டு பூங்காவைச் சுற்றும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும். சடங்கில் அவர் சொல்ல வேண்டிய பகுதியை மனப்பாடம் செய்கிறார். கையில் சின்னப் புத்தகம். சில இடங்களில் சொல்லுக்குப் பதில் முதல் எழுத்தும் புள்ளியும்தான். "சைகையையும் கடவுச்சொல்லையும் கேட்காதே, மற்றதை எல்லாம் கேள்" என்பார்.

முதல் நாளைப் பற்றிக் கேட்டேன். உள்ளே விடுவதற்கு முன் கையில் இருந்த காசு, கடிகாரம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அப்புறம் தர்மத்துக்கு ஏதாவது கொடு என்றார்களாம். கொடுக்க ஒன்றுமில்லாமல் நின்றாராம். இல்லாதவனைப் பார்க்கும்போது அந்த நிலை ஞாபகம் வர வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்களாம். நாற்பது வருடம் கழித்தும் அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. எனக்கு ஹீத்ரோவில் வந்து இறங்கிய நாள் ஞாபகம் வந்தது.

இப்போது அவருக்கு ஒரே கவலை, லாட்ஜ் நிலைக்குமா என்பதுதான். அவர் சேர்ந்தபோது அறுபது பேர், இன்றைக்குப் பதினான்கு. பொறுப்புகளுக்கு ஆள் போதாமல் பக்கத்து லாட்ஜிலிருந்து வரவழைக்கிறார்கள். தெருக்கோடியில் இருக்கும் இளைய மேசன் அவ்வளவு பயப்படவில்லை. பல்கலைக்கழகங்களில் மாணவர்களைச் சேர்க்கும் திட்டம் 2005 முதல் நடக்கிறது, அவரே அப்படி வந்தவர்தான். பெண்களுக்கும் நூறு வருடத்துக்கு மேலாகத் தனி லாட்ஜ்கள் உண்டு; இது தெருவில் பலருக்குத் தெரியவே தெரியாது. இவ்வளவு காலம் வாய் திறக்காமல் இருந்ததுதான் இவர்களுக்குக் கெடுதல் செய்தது என்று நினைக்கிறேன். உங்களைக் கூப்பிட்ட பெரியவரிடமும் இந்தக் கவலை இருக்கும். எதிர்காலத்தைப் பற்றிக் கேளுங்கள், மனம்விட்டுப் பேசுவார்.

லண்டன் போனால் கிரேட் குயின் தெருவில் இருக்கும் மண்டபத்தைப் பாருங்கள். முதல் உலகப் போரில் இறந்த மேசன்களின் நினைவாகக் கட்டி 1933இல் திறந்தது. அங்குள்ள அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. சென்னை எழும்பூரிலும் இவர்களுக்கு மண்டபம் இருக்கிறது.

சேரும் எண்ணம் வந்தால் ஆண்டுச் சந்தா, சாப்பாட்டுச் செலவு, நன்கொடை மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போதைக்கு ஒரு கருப்பு சூட் போதும். சைவம் என்றால் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.