73939133 என்ற எண்ணில் அப்படி என்ன விசேஷம்?

எண்ணைத் தாளில் எழுதி, வலது கோடி இலக்கத்தை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே வாருங்கள்: 7393913, 739391, 73939, 7393, 739, 73, 7. இதுவும் பகா எண் (1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்), ஒவ்வொரு முறையும் மிஞ்சுவதும் பகா எண். ஓரிலக்க 2, 3, 5, 7 உட்பட, இந்தக் குணம் உள்ள எண்கள் மொத்தமே 83தான். அவற்றில் ஆகப் பெரியது இது.

கோலாலம்பூர் செந்தூலில் படிவம் 1 (இடைநிலைப்பள்ளி முதலாண்டு) பிள்ளைகளுக்குக் கணித டியூஷன் எடுக்கிறேன். காரணி, மடங்கு பாடம் வரும்போது (மலாயில் அவர்கள் நொம்போர் பெர்டானா என்று படிப்பது இந்தப் பகா எண்ணைத்தான்) இதைப் பலகையில் எழுதிவிடுவேன். 739 பகா எண்ணா என்று பார்க்க 23 வரையுள்ள ஒன்பது பகா எண்களால் வகுத்தால் போதும், ஏனென்றால் அடுத்த பகா எண்ணான 29-இன் வர்க்கமே 841. 7393-க்கு 83 வரை போகவேண்டும். அது 23 வகுத்தல். அதற்கு மேல் கணினியிடம் விட்டுவிடலாம்.

"சார், ஏன் 3, 9-ஆவே வந்துக்கிட்டு இருக்கு?" என்று யாராவது கேட்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. எண்ணின் அழகே அங்கேதான் இருக்கிறது.

சேர்க்கும் இலக்கம் 1, 3, 7, 9 ஆகத்தான் இருக்கமுடியும். மற்றவை 2 அல்லது 5-ஆல் வகுபட்டுவிடும். அப்புறம் 3-இன் விதி: இலக்கங்களின் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும். 7-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1. பின்னால் 3 அல்லது 9 சேர்த்தால் மீதி மாறாது. 1 அல்லது 7 சேர்த்தால் மீதி 2 ஆகிவிடும். இன்னொரு தடவை 1 அல்லது 7 சேர்த்தால் மீதியே இல்லை, கதை முடிந்தது. ஆகவே முதல் 7-க்குப் பிறகு அந்த இரண்டில் ஒன்று ஒரே ஒரு தடவைதான் வரலாம். நம் எண்ணில் ஆறாவது இடத்தில் இருக்கும் 1 அதுதான். அதன் பிறகு 3, 9-ஐத் தவிர வேறு வழியே கிடையாது.

2 அல்லது 5-இல் தொடங்கினால் இன்னும் கெடுபிடி. மீதி தொடக்கத்திலேயே 2 என்பதால் 1-க்கும் 7-க்கும் இடமே இல்லை. எட்டு இலக்கம் வரை தாக்குப்பிடிப்பவை ஐந்துதான்: 23399339, 29399999, 37337999, 59393339, 73939133. இரண்டாவதைப் பாருங்கள், எத்தனை ஒன்பது! ஒன்பதாவது இலக்கம் எதைச் சேர்த்தாலும் ஐந்துமே பகு எண்ணாகிவிடும்.

இடப்பக்கமிருந்து மறைத்துக்கொண்டு வந்தால் நிலைமை வேறு. பூச்சியத்தை விலக்கிவிட்டால், அங்கே ஆகப் பெரியது 24 இலக்கம் கொண்ட 357686312646216567629137. கடைசி இலக்கமான 7 அசையாமல் இருப்பதால் முன்னால் 2, 4, 5, 6, 8 கூடத் தாராளமாக வரலாம். ஒவ்வொரு அடியிலும் 3-இன் விதி தடுப்பது ஒன்பதில் மூன்று இலக்கங்களைத்தான்.