"வக்கீலாகப் போகவில்லை, வாத்தியாராகப் போகிறேன்": சட்டப் பேராசிரியர் ஆக நினைக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு

நான்காம் ஆண்டு பி.ஏ. எல்எல்.பி. படிக்கிற மகள், "கோர்ட் வேண்டாம், அரசியலமைப்புச் சட்டமும் குற்றவியல் சட்டமும் பாடம் நடத்தப் போகிறேன், ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்கிறாள். வீட்டில் உடனே இரண்டு கேள்வி எழும். சம்பளம் எவ்வளவு? எத்தனை வருடம் ஆகும்?

முதலில் சம்பளம். யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) ஏழாவது ஊதியக்குழு அளவுப்படி, உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் ரூ.57,700. இணைப் பேராசிரியருக்கு ரூ.1,31,400, பேராசிரியருக்கு ரூ.1,44,200. அகவிலைப்படி இதற்கு மேல். இவை நிரந்தரப் பணிக்கான தொகைகள் என்பதை மறக்க வேண்டாம். கௌரவ விரிவுரையாளர், தனியார் கல்லூரி ஒப்பந்த ஆசிரியர் என்று போனால் கைக்கு வருவது இதைவிட வெகு குறைவு. பலர் நிரந்தரப் பணிக்கு முன் சில வருடம் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அந்த வருடங்களைக் குடும்பம் தாங்குமா என்று இப்போதே கணக்குப் போடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிறகு எல்எல்.எம். (சட்ட முதுகலை) ஒன்று அல்லது இரண்டு வருடம். அதோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேர்வில் தேறினால் 25 வயதிலேயே உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். 2023 ஜூலை முதல் அந்தப் பணிக்கு பிஎச்.டி. கட்டாயமில்லை, முதுகலையில் 55 சதவீதமும் நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் போதும். இணைப் பேராசிரியர் ஆக வேண்டும் என்றால்தான் பிஎச்.டி. கட்டாயம்.

அந்த 55 சதவீதத்தில் வருடா வருடம் யாராவது மாட்டுகிறார்கள். 54.9 என்பது 55 ஆகாது. நெட் அறிவிக்கையிலேயே முழு எண்ணாக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது. எஸ்சி, எஸ்டி, ஓபிசி (கிரீமி லேயர் அல்லாதோர்), மாற்றுத்திறனாளிகளுக்கு 50 போதும். ஆகவே எல்எல்.எம்.மில் முதல் செமஸ்டரில் மதிப்பெண் சரிந்தால், "அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாமல் அப்போதே எழுந்துகொள்ள வேண்டும்.

இனி வரிசைக்கு வருவோம். இந்தத் துறையில் பெரும்பாலான சிக்கல் திறமைக் குறைவால் வருவதில்லை, எதை முதலில் செய்வது என்ற குழப்பத்தால்தான் வருகிறது.

எல்எல்.எம். கடைசி வருடத்திலேயே நெட் எழுதச் சொல்லுங்கள். முதுகலை இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். நெட் வழியாகவே கிடைக்கும் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி) உதவித்தொகைக்கு 30 வயது வரம்பு உண்டு (பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து வருடம் தளர்வு). ஜேஆர்எஃப் கிடைத்தால் பிஎச்.டி. செய்யும்போது முதலில் மாதம் ரூ.37,000, பிறகு ரூ.42,000 வரும். வீட்டுக்குக் கைநீட்டாமல் ஆராய்ச்சி செய்ய வைக்கிற பணம் அது. உதவிப் பேராசிரியருக்கான நெட் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் 2024 முதல் பிஎச்.டி. சேர்க்கைக்கும் நெட் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறார்கள், அந்த மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். இரண்டையும் குழப்பிக்கொண்டு சேர்க்கை வாய்ப்பை இழந்தவர்கள் உண்டு.

நெட்டில் சட்டப் பாடம் எழுதுகிறவர்கள் விழுகிற இடம் ஒன்றுதான். இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண். பாடத்திட்டத்தில் பத்து அலகுகள். அரசியலமைப்பும் நிர்வாகச் சட்டமும் ஓர் அலகு, குற்றச் சட்டம் ஓர் அலகு. ஒப்பீட்டுப் பொதுச் சட்டத்தையும் மனித உரிமைப் பகுதியையும் சேர்த்தாலும் உங்கள் மகளுக்குப் பிடித்தது பாதியைத் தாண்டாது. மீதி அறிவுசார் சொத்துரிமை, வணிகச் சட்டம், குடும்பச் சட்டம், சர்வதேசச் சட்டம் என்று போகும். அரசியலமைப்பில் புலி, காப்புரிமையில் பூஜ்யம் என்ற நிலையில் நெட் தேறுவது கடினம். முதல் தாளின் 50 கேள்வியை இலேசாக எடுத்துக்கொள்வதும் தவறு. சட்ட மாணவர்கள் தரவு விளக்கக் கணக்குகளைப் பார்த்ததும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் பிடித்தம் கிடையாது, எனவே 150 கேள்விக்கும் விடை குறிக்க வேண்டும். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும் என்பதால், தமிழ் வழியில் படித்த பிள்ளைக்குச் சட்டச் சொற்களின் ஆங்கில வடிவம் பழக்கத்தில் இருக்க வேண்டும்.

எல்எல்.எம். ஒரு வருடமா, இரண்டு வருடமா? வேலைத் தகுதிக்கு இரண்டும் செல்லும். ஒரு வருடப் படிப்பை நிறுத்த இந்திய பார் கவுன்சில் 2020-இல் விதி கொண்டுவந்தது. அது உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, ஒரு வருடப் படிப்பும் தொடர்கிறது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் எல்எல்.எம். சேர கிளாட் முதுகலை நுழைவுத் தேர்வு, 120 கேள்வி, தவறுக்கு 0.25 பிடித்தம். ஆசிரியப் பணியை நோக்கிப் போகிறவருக்கு என் சாய்வு இரண்டு வருடப் படிப்பின் பக்கம். ஆய்வறிக்கைக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஒரு வருடப் படிப்பில் தலைப்பு முடிவாவதற்குள் சமர்ப்பிக்கும் நாள் வந்துவிடுகிறது.

இதற்குப் பிறகு பெற்றோர் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். நேராகக் கல்லூரி வகுப்புக்குப் போக வேண்டாம். பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வு எழுதி, மூன்று வருடம் ஒரு குற்றவியல் சீனியரிடம் ஜூனியராக இருக்கட்டும். முதல் காரணம், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்று வருட வக்கீல் அனுபவத்தை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டது. முழுநேர ஆசிரியர் ஆனால் வக்கீல் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். 25 வயதில் பாடம் நடத்தப் போய்விட்டு 28-இல் மனம் மாறினால் அந்தக் கதவு சாத்தியிருக்கும். இரண்டாவது காரணம் எனக்கு இதைவிடப் பெரியது. ஜாமீன் மனு ஒன்று மூன்று நிமிடத்தில் எப்படித் தள்ளுபடியாகிறது என்று பார்க்காதவர் ஜாமீன் பற்றி நடத்தும் வகுப்பு காகித வாசனை அடிக்கும். இந்த மூன்று வருடமும் கற்பித்தலை முழுக்க விட வேண்டியதில்லை. 1979-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிப்படி, தொழில் செய்கிற வக்கீல் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தலாம்.

அரசியலமைப்பையும் குற்றவியலையும் இரண்டு துறையாகப் பார்க்கிற பழக்கம் நம் கல்லூரிகளில் ஊறிப்போயிருக்கிறது. ஆராய்ச்சியில் இவை சந்திக்கிற கோட்டில்தான் வேலை இருக்கிறது. பிரிவு 20, 21, 22 மூன்றும் அரசியலமைப்புக்குள் உட்கார்ந்திருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் என்றே சொல்லலாம். உண்மை அறியும் சோதனையைச் சம்மதமின்றி நடத்தக் கூடாது என்ற 2010-ஆம் ஆண்டு செல்வி தீர்ப்பு எந்த வகுப்புக்குச் சொந்தம்? குரல் மாதிரி எடுக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்ற 2019-ஆம் ஆண்டு ரிதேஷ் சின்ஹா தீர்ப்பை அதன் பக்கத்தில் வைத்துப் படிக்காமல், தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற பிரிவு 20(3)-ஐ நடத்த முடியாது.

2024 ஜூலை 1 முதல் இந்தக் கோடு இன்னும் அகலமாகிவிட்டது. 511 பிரிவு கொண்ட ஐபிசிக்கு (இந்திய தண்டனைச் சட்டம்) பதில் 358 பிரிவு கொண்ட பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்), சிஆர்பிசிக்கு (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பதில் 531 பிரிவு கொண்ட பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. இன்றைக்கு மாணவர் இரண்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். 2024 ஜூன் 30 இரவு நடந்த கொலை ஐபிசி 302. மறுநாள் இரவு நடந்தது பிஎன்எஸ் 103. முதல் கொலைக்கு எஃப்ஐஆர் ஜூலை 2-இல் பதிவானால்? தண்டிக்கிற பிரிவு பழையது, ஏனென்றால் அரசியலமைப்பின் பிரிவு 20(1) பின்னோக்கிய தண்டனைச் சட்டத்தைத் தடுக்கிறது. பதிவும் புலனாய்வும் புதிய நடைமுறைப்படி. நேர்முகத் தேர்வில் இதைக் கேட்டால், 302-உம் 103-உம் என்று எண்களை மட்டும் ஒப்பித்துவிட்டு நின்றுவிடக் கூடாது.

பிஎச்.டி. தலைப்பில்தான் அதிகம் பேர் கால் வழுக்குகிறார்கள். "இந்தியாவில் கைதானவரின் உரிமைகள்: ஓர் அரசியலமைப்பு ஆய்வு" என்று பதிவு செய்தால் ஆறு வருடமும் போதாது (அதுதான் பொதுவான உச்சவரம்பு, குறைந்தது மூன்று). இதே ஆசையை இப்படிச் சுருக்கிப் பாருங்கள். பழைய சட்டத்தில் போலீஸ் காவல் முதல் 15 நாளுக்குள் மட்டுமே என்று 1992-இல் அனுபம் குல்கர்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 187(2), அந்த 15 நாளை முதல் 40 அல்லது 60 நாளுக்குள் துண்டு துண்டாகவும் எடுக்க இடம் தருகிறது. ஜெயிலுக்குப் போனவரை மீண்டும் போலீஸ் காவலுக்கு அனுப்பும்போது மாஜிஸ்திரேட் காரணம் எழுதுகிறாரா? ஒரு மாவட்டத்தில் மூன்று நீதிமன்றம், ஒரு வருட ரிமாண்ட் உத்தரவுகள், ஒவ்வொன்றிலும் காரணம் எத்தனை வரி, வக்கீல் ஆஜரானாரா, காயம் பற்றிக் கேட்டார்களா என்று எண்ணினால் போதும். எண்ண முடிகிற கேள்வி முடியும். உத்தரவு நகல் கிடைக்குமா என்பதை மட்டும் தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன்பே போய்ப் பார்த்துவிட வேண்டும். தரவு வராமல் மூன்றாம் வருடத்தில் தலைப்பை மாற்றுவதுதான் இந்தப் படிப்பின் மிக வழக்கமான விபத்து.

"இப்படி எழுதி என்ன நடந்துவிடும்" என்று உறவினர் யாராவது கேட்டால் சொல்வதற்கு இரண்டு. 1965 பிப்ரவரியில் டீட்டர் கான்ராட் என்ற ஜெர்மானிய அறிஞர் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில், அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த எல்லை உண்டா என்று ஓர் உரை நிகழ்த்தினார். எட்டு வருடம் கழித்து, அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தால் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பில் நீதிபதி கன்னா அவரை மேற்கோள் காட்டினார். இன்னொன்று, மதுரா என்ற பழங்குடிப் பெண்ணைக் காவல் நிலையத்தில் பாலியல் வன்கொடுமை செய்ததாகச் சொல்லப்பட்ட வழக்கில் போலீஸார் விடுதலையானதை எதிர்த்து உபேந்திர பக்சி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் ஆகிய நான்கு சட்ட ஆசிரியர்கள் 1979-இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல். அதிலிருந்து கிளம்பிய போராட்டம் 1983-ஆம் ஆண்டு குற்றச் சட்டத் திருத்தம்வரை போனது.

கட்டுரை வெளியிடுவதில் ஒரு எச்சரிக்கை. "மூன்று நாளில் பிரசுரம், கட்டணம் இவ்வளவு" என்று மின்னஞ்சல் அனுப்பும் ஜர்னல்களுக்குப் பணம் கட்டாதீர்கள். யூஜிசி 2025-இல் தான் ஏற்கும் ஜர்னல்களின் பட்டியலான கேர் பட்டியலைக் கைவிட்டுவிட்டதால், ஜர்னலின் தரத்தை நாமே சோதிக்க வேண்டியிருக்கிறது. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் நிஜமாகவே அங்கே இருக்கிறார்களா, கட்டுரையை வேறு அறிஞர்கள் மதிப்பிட்டுத் திருத்தம் கேட்கிறார்களா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இந்தியச் சட்ட நிறுவனத்தின் ஜர்னலில் வரும் ஒரு கட்டுரை, யாரும் படிக்காத பத்துக்குச் சமம். இணைப் பேராசிரியருக்கு எட்டு வருட அனுபவத்தோடு ஏழு வெளியீடுகள், ஆய்வு மதிப்பெண் 75; பேராசிரியருக்குப் பத்து வருடம், பத்து வெளியீடுகள், 120. எண்ணிக்கை அப்படியொன்றும் பயமுறுத்துவதில்லை, வருடத்துக்கு ஒன்று உருப்படியாக எழுதினால் வந்துவிடும்.

செலவைப் பற்றியும் கவலை வேண்டாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்சிஆர் தளத்தில் இலவசம், பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. பழைய ஆய்வேடுகள் ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் கிடைக்கும். கைடு தேர்ந்தெடுப்பதற்கு முன் அங்கே போய் அவர் பெயரைத் தேடி, அவரிடம் முடித்தவர்கள் எத்தனை பேர், பதிவிலிருந்து சமர்ப்பிக்க எத்தனை வருடம் ஆனது என்று பாருங்கள். பிறகு அவர்களில் ஒருவரிடம், அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார் என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள்.