கொலை நடந்த அறையும் நடன அரங்கமும்

அன்புள்ள ஐயா,

ரீஜென்சி காலத்தில் நிகழும் தற்கால ஆங்கிலத் துப்பறியும் நாவல் ஒன்றை வாசித்தேன். பிணம் கிடந்த அறையைக் கதாநாயகன் பூட்டிவிட்டு ஒவ்வொருவராக விசாரிக்கும் கட்டம் அருமை. ஆனால் பக்கங்களில் பாதியைக் காதல் விழுங்கிவிடுகிறது. மர்மக்கதைக்குக் காதல் எதற்கு? இவ்வகையில் வேறு எவற்றை வாசிக்கலாம்?

வி.

அன்புள்ள வி.,

பட்டியல் கேட்காதீர்கள், நூலகத்தில் அகப்படுவதைப் படியுங்கள்.

நீங்கள் அருமை என்கிற அந்தப் பூட்டிய அறைதான் என்னை உறுத்துகிறது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனம் பேதலித்துக் கிடக்க, அவர் மகன் பொறுப்பாட்சி நடத்திய 1811 முதல் 1820 வரையிலான காலமே ரீஜென்சி. லண்டன் மாநகரக் காவல்துறை உருவானதோ 1829இல். அதுவரை மாஜிஸ்ட்ரேட்டுகளும், பரிசுப்பணம் பார்த்துத் துப்புத் துலக்கிய, லண்டன் போ தெரு நீதிமன்றத்து ஆட்கள் சிலரும், தேவாலயப் பங்குகள் என்ற வட்டார நிர்வாகங்கள் கூலிக்கு அமர்த்திய இரவுக் காவலாளிகளும்தான்.

1811 டிசம்பரில் கிழக்கு லண்டனின் ராட்கிளிஃப் ஹைவே தெருவில் மார் என்ற துணிக்கடைக்காரரும் மனைவியும் கைக்குழந்தையும் கடைப் பையனும் கொல்லப்பட்டார்கள். பன்னிரண்டு நாளில் அருகிலிருந்த மதுக்கடையில் மேலும் மூவர். பிணங்கள் கிடந்த வீட்டுக்குள் ஊரே புகுந்து வேடிக்கை பார்த்தது. ரத்தமும் தலைமயிரும் ஒட்டிக் கிடந்த கப்பல் தச்சரின் சம்மட்டியில் உடையவரின் பெயரெழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. அதைத் துடைத்துப் பார்க்க ஒருவருக்கும் பல நாள்வரை தோன்றவில்லை. பிடிபட்ட மாலுமி ஜான் வில்லியம்ஸ் சிறையில் தூக்கில் தொங்கினான். செத்தவனையே குற்றவாளி என்று தீர்த்து, டிசம்பர் 31 அன்று பிணத்தை வண்டியில் ஊர்வலமாகக் கொண்டுபோய், நாற்சந்தியில் நெஞ்சில் முளையடித்துப் புதைத்தார்கள். இந்த ஊரில் எந்தக் கனவான் அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்? அவன் இருபதாம் நூற்றாண்டு இன்ஸ்பெக்டர். உடை மட்டும் வாடகை. அதைக் கண்டு கைதட்டிவிட்டு, அந்தக் காலத்துக்கு உண்மையாக இருக்கும் ஒரே பகுதியான காதலை வெட்டச் சொல்கிறீர்களே!

மணமாகாத உயர்குடிப் பெண் துணையின்றி வெளியே போக முடியாது. அந்நிய ஆணோடு தனித்திருந்தால் பெயர் கெட்டது. அவள் ஒருவனை அருகில் நிறுத்திக் கேள்வி கேட்கத் தோதான இடம் நடன அரங்கம். அங்கும் ஒரே ஆணுடன் இரண்டு நடனங்களுக்கு மேல் ஆடினால் நிச்சயதார்த்தம் என்று பேச்சுக் கிளம்பிவிடும். துப்புக் கேட்கப் போனவள் காதலி என்று பெயரெடுப்பதும், அந்தப் பேச்சையே மறைவாகக் கொண்டு மேலும் விசாரிப்பதும் அங்கே கதையின் எலும்பு.

கூர்மையான வாசகி என்பதால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமை. யாருடன் எத்தனை முறை ஆடினாள் என்று குறித்துக்கொண்டு அந்த நாவலை இன்னொரு முறை படித்துவிட்டு எழுதுங்கள்.