காரைத் துடைத்துத் துடைத்தே கெடுக்கிறோம்: பெயின்ட் பராமரிப்பு கேள்வி-பதில்

கருப்பு கார், வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வெயிலில் பார்த்தால் பானட் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கீறல். அபார்ட்மென்டில் ஒருவர் தினமும் காலையில் துடைத்துவிடுகிறார். பெயின்ட் தரமில்லையா?

பெயின்ட் மேல் பழி போடாதீர்கள், அந்தத் துணியைப் பாருங்கள். ஒரே பக்கெட் தண்ணீர், ஒரே துணி, வரிசையாக எல்லா காரும். ராத்திரி படிந்த தூசியில் பொடி மணலும் இருக்கும், அதை ஈரத்துணியால் அழுத்தி இழுத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். வெள்ளை, சில்வர் காரிலும் இதே கீறல் விழுகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இன்றைய கார்களில் கலருக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஓர் அடுக்கு இருக்கிறது. பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் தடிமன், அதாவது தலைமுடியைவிட மெல்லிசு. பளபளப்பு, வெயிலைத் தாங்குவது எல்லாம் அதன் பொறுப்பு. பாலீஷ் போட்டுக் கீறலை எடுப்பது என்றால் கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டையும் சேர்த்துச் சீவி மட்டம் செய்வதுதான், சீவினது திரும்ப வளராது. அதனால் கீறலை எடுக்க வழி தேடும் முன் விழாமல் இருக்க வழி பாருங்கள்.

துடைப்பவரின் சம்பளத்தில் கை வைக்காமல், தினமும் கண்ணாடிகளை மட்டும் துடைக்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை முதலில் ஓஸ் போட்டு மணலை ஓடவிட்டு, பிறகு கார் ஷாம்பு. இரண்டு பக்கெட் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே வரவேண்டும், கதவின் அடிப்பக்கம் கடைசி, வீலுக்குத் தனித் துணி. பழைய பனியன் வேண்டாம், மைக்ரோஃபைபர் வாங்குங்கள். அது கீழே விழுந்துவிட்டால் நன்றாகத் துவைக்காமல் காரைத் தொடக்கூடாது.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் காரைக் கழுவுகிறேன். கழுவிய பிறகு வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, என்ன தேய்த்தாலும் போகவில்லை.

தண்ணீரை மிச்சம் பிடிக்கும் நல்ல மனசுதான், ஆனால் காருக்கு அதைவிட மோசமான தண்ணீர் வீட்டில் இருக்காது! ஆர்ஓ மெஷின் நல்ல தண்ணீரை உங்களுக்குக் கொடுத்துவிட்டு உப்பையெல்லாம் அந்தக் கழிவில்தான் தள்ளுகிறது, போர் தண்ணீரைவிட அதில் உப்பு கூடுதல். நீர் ஆவியானதும் கால்சியமும் மெக்னீசியமும் வட்டமாக உட்கார்ந்துவிடும். அந்தத் தண்ணீரைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளி புதிது என்றால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, நிழலில், பானட் தொட்டால் சூடில்லாத நேரத்தில், துணியில் நனைத்து ஒரு நிமிஷம் வைத்து எடுங்கள், உடனே ஷாம்பு போட்டுக் கழுவிவிடுங்கள். நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டாம். வெள்ளை போன பிறகும் வட்டமாக ஒரு தடம் தெரிந்தால் உப்பு கிளியர் கோட்டை அரித்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு பாலீஷ்தான்.

அப்புறம் ஒரு விஷயம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை பக்கெட்டில் பிடித்து வையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த தண்ணீர் என்பதால் அதில் உப்பே இல்லை என்று சொல்லலாம். கடைசி அலசலை அதில் முடித்து, காயவிடாமல் உடனே துணியால் ஒற்றி எடுத்தால் புள்ளி பேச்சே இருக்காது.

ஆயுத பூஜைக்கு வைத்த மஞ்சளும் சந்தனமும் வெள்ளைக் காரில் கறையாக நிற்கிறது.

உலர்ந்த பொட்டைச் சுரண்டாதீர்கள், கீறல் அப்போதுதான் விழும். ஈரத்துணியை அதன்மேல் கொஞ்ச நேரம் போட்டு ஊறவைத்து வழித்தெடுத்து, ஷாம்பு போடுங்கள். மீதி மஞ்சள் நிறத்துக்குக் காரை வெயிலில் நிறுத்தினால் போதும், மஞ்சளின் நிறம் வெயில் தாங்காது, தானாக வெளுக்கும். அடுத்த வருஷம் பொட்டை நம்பர் பிளேட்டின் ஓரத்திலோ கண்ணாடியிலோ வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

டூத் பேஸ்ட் போட்டால் கீறல் போகுமா சார்?

கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் சிக்கினால் பேஸ்ட்டும் போதாது, பாலீஷும் போதாது, கீறலில் மட்டும் பூசும் டச்-அப் பெயின்ட் வேண்டும். சிக்காவிட்டால் பேஸ்ட் கொஞ்சம் தேய்க்கும்தான், ஆனால் அது பல்லுக்காகச் செய்தது, எவ்வளவு சீவுகிறது என்று கணக்கு கிடையாது. நல்ல ஃபினிஷிங் பாலீஷ் வாங்குங்கள்.

பெயின்ட் மேல் பூசும் செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது, 9எச் கடினம் என்கிறார்களே?

அந்த 9எச் பென்சில் கணக்கு. பென்சில்களால் கீறிப் பார்க்கும் சோதனையில் 9எச் பென்சிலைத் தாங்கியது என்றுதான் பொருள், மணலையும் சாவியையும் தாங்கும் என்று யாரும் சோதிக்கவில்லை. கோட்டிங்கால் பலன் இல்லாமல் இல்லை: தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு சீக்கிரம் ஒட்டாது, கழுவுவது சுலபம். ஆனால் உப்புப் புள்ளி அதன்மேலும் விழும், காக்கை எச்சத்தை அதிலும் உடனே ஊறவைத்துத் துடைக்கத்தான் வேண்டும். கல் தெறிப்புக்குப் பயமென்றால் அது பிபிஎஃப் என்ற, பெயின்ட் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் ஃபிலிமின் வேலை, செலவும் வேறு. தினமும் அதே பழைய துணியால்தான் துடைக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டுமே காசுக்குக் கேடு என்பேன்.

வாக்ஸ் முதலா, பாலீஷ் முதலா? வருஷத்துக்கு எத்தனை தடவை?

பாலீஷ் சீவும், வாக்ஸ் மூடும். அதனால் பாலீஷ் முதலில், அதுவும் தேவைப்பட்டால் மட்டும். மாதாமாதம் பாலீஷ் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். வாக்ஸ் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடலாம், தண்ணீர் உருளாமல் தட்டையாகப் படர ஆரம்பித்தால் நேரம் வந்துவிட்டது.

பாலீஷுக்கு முன், கழுவிக் காய்ந்த பானட் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு கவர் வழியாகத் தெரியும். தெரிந்தால் ஷாம்பு தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கிளே பாரை அழுத்தாமல் போட்டு வழிக்கவேண்டும். கிளே தரையில் விழுந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். பாலீஷை இரண்டடிக்கு இரண்டடி இடமாக எடுத்து, முடித்துத் துடைத்த பிறகே அடுத்த இடத்துக்குப் போங்கள். வெயிலில் செய்யாதீர்கள், காய்ந்து ஒட்டிக்கொண்டால் அதை எடுக்கத் தேய்ப்பதிலேயே புதுக் கீறல் போட்டுவிடுவீர்கள்.