கையை எடுத்ததும் நின்றுவிடும் சோனிக்

கேள்வி: நீல முள்ளெலி சோனிக் ஓடித் தாவும் முதல் விளையாட்டைச் சேகாவின் மெகா டிரைவ் கருவியில் ஆடித் தேய்த்தவன் நான். ‘சோனிக் 4: முதல் எபிசோட்’ பார்ப்பதற்கு அதே பச்சை மலை, அதே வளையங்கள். ஆனால் பத்து நிமிடத்தில் சலித்துவிட்டது. சேற்றில் ஓடுவதுபோல இருக்கிறது. குறை விளையாட்டிலா, என் வயதிலா?

விளையாட்டில்தான். சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். சமதளத்தில் முழு வேகத்தில் ஓடித் தாவி, உச்சிக்குப் போவதற்குள் திசைப் பட்டனிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிடுங்கள். 1991-இல் வந்த சோனிக் அதே வேகத்தோடு முன்னே பறந்துபோய் விழும். 2010-இல் வந்த நான்காவதில், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல அந்தரத்தில் வேகம் செத்து, கிட்டத்தட்ட நேர்க்கீழே இறங்கும். உங்கள் கை சொல்லும் சேறு இதுதான்.

பழையதில் ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது திரையில் மாறும் ஒவ்வொரு படத்துக்கும், 0.047 பிக்சல் வீதம்தான் வேகம் ஏறும். ஓட்டத்தின் உச்ச வேகம் ஃப்ரேமுக்கு 6 பிக்சல். நொடிக்கு 60 ஃப்ரேம் என்று வைத்துக்கொண்டால், நின்ற இடத்திலிருந்து அந்த வேகத்தைத் தொட 128 ஃப்ரேம், அதாவது இரண்டு நொடிக்குச் சற்று மேல் ஆகும். காற்றில் இருக்கும்போது திசைப் பட்டனை அழுத்தினால் இதைவிட இரு மடங்காக ஏறும். விட்டுவிட்டால், உச்சியை நெருங்கும்போது வரும் மெல்லிய இழுவை தவிர வேறெதுவும் குறைக்காது. பாடுபட்டுச் சேர்த்த வேகம் சேர்த்தவருக்கே மிஞ்சும். எதிலாவது முட்டினால்தான் போகும்.

உருளுவதுதான் இதைவிட முக்கியம். பழையதில் சரிவில் ஓடி இறங்கும்போது கிடைக்கும் உந்துதல் 0.125 என்றால், உருண்டு இறங்கும்போது 0.3125. இரண்டரை மடங்கு! தரை உராய்வும் உருளும்போது பாதிதான். 45 பாகைச் சரிவில் இருபதே ஃப்ரேம் உருண்டால், ஃப்ரேமுக்கு ஏறக்குறைய 4 பிக்சல் வேகம் கூடிவிடும். எந்த இடத்தில் கீழ்ப் பட்டனை அழுத்துவது என்பதே ஆட்டத்தின் பாதி. நான்காவதில் உருளுவதால் சொல்லிக்கொள்ளும்படி லாபம் இல்லை. போதாததற்கு, சரிவின் முனையிலிருந்து உருண்டபடி காற்றில் எழும்பினால் பந்து கலைந்து உடல் விரிந்துவிடும். எதிரே வரும் எதிரி உங்கள் வளையங்களைச் சிதறடித்துவிடுவான். பழையதில் தரையைத் தொடும்வரை பந்து பந்துதான்.

சுவர் இருக்கிறதே, அதையும் பாருங்கள். 1991-இன் விதிப்படி செங்குத்தான இடத்தில் வேகம் 2.5 பிக்சலுக்குக் கீழே இறங்கினால் கால் பிடி விட்டு விழுந்தாக வேண்டும். அரை நொடிக்குத் திசைப் பட்டனும் வேலை செய்யாது. நான்காவதில் பல்லிபோல ஒட்டிக்கொண்டு நிற்கலாம். பார்க்கச் சிரிப்பு வரும். ஆனால் விழும் பயம் போனால், அந்த வளைவை வேகமாகக் கடந்த பெருமையும் போகிறது.

சரிவு வேகம் தராதபோது தரையில் மிதித்தால் உந்திவிடும் பூஸ்டர் பதிக்க வேண்டிவரும். பள்ளங்களின் மேல் எதிரிகளைச் சங்கிலிபோலத் தொங்கவிட்டு, குறிபார்த்துத் தாக்கும் ஹோமிங் அட்டாக்கால் தாண்டச் செய்ய வேண்டிவரும். நான்காவதில் இரண்டுமே தாராளம். இடங்களையாவது புதிதாக யோசித்தார்களா? ஸ்பிளாஷ் ஹில் பழைய கிரீன் ஹில்லின் சாயல், கேசினோ ஸ்ட்ரீட் கேசினோ நைட்டின் சாயல், லாஸ்ட் லாபிரிந்த் லாபிரிந்தின் சாயல், மேட் கியர் மெட்ரோபோலிஸின் சாயல். ‘பழைய கள், புதிய மொந்தை’ என்றால்கூட மன்னிக்கலாம். இங்கே மொந்தை மட்டும்தான் பழையது.

வாங்கியாயிற்று, முடித்தே தீருவேன் என்றால்: தரையைத் தொடும்வரை திசைப் பட்டனை விடாதீர்கள். ஓடி வேகம் சேர்க்கக் காத்திருக்காமல், தாவிய உடனே தாவல் பட்டனை இன்னொருமுறை தட்டுங்கள். எதிரில் யாரும் இல்லாவிட்டாலும் முன்னோக்கி ஒரு பாய்ச்சல் கிடைக்கும். நின்ற இடத்திலேயே பந்தாகச் சுழன்று பாயும் ஸ்பின் டேஷ் போட்டுக் கிளம்புங்கள். 2012-இல் வந்த இரண்டாவது எபிசோடில் இந்த இயக்கத்தை ஓரளவு திருத்தியிருக்கிறார்கள். ஆனால் கை தேடுவது 2017-இன் ‘சோனிக் மேனியா’வில்தான் இருக்கிறது. ரசிகராக இருந்து பழைய சோனிக்குகளைக் கைபேசிக்குக் கொண்டுவந்த கிறிஸ்டியன் வைட்ஹெட்டும் அவருடைய கூட்டாளிகளும் செய்தது அது.

கேள்வி: பழைய விளையாட்டையே புது டிவியில் போட்டாலும் தாவல் பிந்துகிறது. நினைவு ஏமாற்றுகிறதா?

முதலில் அளந்து பாருங்கள், அப்புறம் நினைவைக் குறை சொல்லலாம். கைபேசியில் நொடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷன் இருந்தால் போதும். கன்ட்ரோலரைத் திரைக்கு முன்னே பிடித்து, கட்டைவிரலும் பாத்திரத்தின் காலும் ஒரே படத்தில் விழும்படி வைத்துப் பத்துமுறை தாவுங்கள். பட்டன் முழுதாக அமுங்கிய ஃப்ரேமிலிருந்து கால் தரையை விடும் ஃப்ரேம்வரை எண்ணுங்கள். ஒவ்வொன்றும் 4.17 மில்லி நொடி. ஒரே தாவலை வைத்து முடிவு கட்ட வேண்டாம்; நீங்கள் அழுத்தும் கணம் விளையாட்டின் ஃப்ரேமுக்கு நடுவில் எங்கு வேண்டுமானாலும் விழலாம், எண்ணிக்கை நாலைந்து முன்பின்னாகும். பத்தின் சராசரிதான் கணக்கு.

24 வந்தால் 100 மில்லி நொடி. அது பெரிய விஷயமா என்று கேட்டால், அந்த நேரத்தில் முழு வேகச் சோனிக் 36 பிக்சல் ஓடிவிடும். மோதலுக்குக் கணக்கிடப்படும் அவன் உடலின் அகலமே 19 பிக்சல்தான். விளிம்பில் தாவியதாக நீங்கள் நினைக்கும்போது, விளிம்பைத் தாண்டி ஏறக்குறைய இரண்டு உடல் தூரம் போயிருப்பான்.

குறைக்கும் வழி: டிவியில் கேம் மோடை இயக்குங்கள். காட்சியை வழவழப்பாக்கும் மோஷன் வசதிகளையும் இரைச்சல் நீக்கத்தையும் அணையுங்கள். பெரும்பாலும் திருடன் இங்கேதான் ஒளிந்திருப்பான். கன்ட்ரோலரைக் கம்பியில் இணையுங்கள். கணினி என்றால், படத்தைத் திரையின் வேகத்தோடு ஒத்துப்போகச் செய்யும் வி-சிங்கை அணைத்துப் பாருங்கள். திரையில் கிழிசல் தெரிந்தால் திரும்பப் போடலாம். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொருமுறையும் எண்ணுங்கள். நான்கையும் ஒரேயடியாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

பழைய விளையாட்டுகளை இன்றைய கருவிகளில் ஓட்டும் மென்பொருளான ரெட்ரோஆர்ச்சில் ஆடுபவர்களுக்கு, சில ஃப்ரேம்களை முன்கூட்டியே ஓட்டித் தாமதத்தைக் குறைக்கும் ரன்-அஹெட் என்ற வசதி உண்டு. எத்தனை ஃப்ரேம் வைப்பது என்பதைக் குருட்டாம்போக்கில் முடிவு செய்யாதீர்கள். விளையாட்டை நிறுத்திவைத்து, தாவல் பட்டனை அழுத்திப் பிடித்தபடி, ஒரு ஃப்ரேம் முன்னே நகர்த்தும் விசையைத் தட்டுங்கள். மூன்றாவது தட்டில் பாத்திரம் அசைந்தால், விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் தாமதம் இரண்டு ஃப்ரேம், அதையே வையுங்கள். கூட வைத்தால் தாவலின் தொடக்க அசைவுகள் விழுங்கப்பட்டு, பாத்திரம் திடீரென்று காற்றில் முளைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் விளிம்பில் விழுகிறீர்களா? அப்படியானால் புதிய விளையாட்டுகள் உங்களைச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டன. 2018-இன் ‘செலஸ்ட்’ விளிம்பைத் தாண்டிய பிறகும் 0.1 நொடிவரை தாவ விடுகிறது. முதல் சோனிக்கில் அந்தச் சலுகை கிடையாது. கால் தரையில் இல்லையென்றால் தாவல் இல்லை.

கேள்வி: கிரீன் ஹில்லில் அருவிக்குப் பின்னால் போனால் சோனிக் மங்கலாகத் தெரிந்தது நன்றாக நினைவிருக்கிறது. இப்போது பார்த்தால் அருவி வெறும் கோடுகோடாக இருக்கிறது. மாற்றிவிட்டார்களா?

மாற்றவில்லை. அது அன்றைக்கும் கோடுதான். அந்த அருவி ஒரு செங்குத்துக் கோடு நிறம், ஒரு செங்குத்துக் கோடு வெற்றிடம் என்று மாறிமாறி வரையப்பட்டது. மஞ்சள் முனையுள்ள காம்போசிட் கம்பி வழியாகப் பழைய குழாய் டிவிக்குப் போகும்போது அடுத்தடுத்த பிக்சல்கள் ஒன்றோடொன்று கசிந்து கலந்து, கண்ணாடிபோன்ற நீராகிவிடும். கம்பியின் குறையையே தூரிகையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்! இன்றைய டிவியின் கூர்மை அந்த ரகசியத்தை உடைத்துவிட்டது. விளையாட்டை ஓட்டும் மென்பொருளில் காம்போசிட் அல்லது என்டிஎஸ்சி (பழைய டிவி முறை) என்று பெயருள்ள ஃபில்டரைப் போட்டால் நீர் திரும்ப வரும். வெறும் ஸ்கேன்லைன் ஃபில்டர் போதாது. அது கிடைக்கோடுதான் போடும், பக்கவாட்டில் கலக்காது.

கூடவே இன்னொன்று. அந்தப் படத்தின் உயரம் 224 வரி. 1080 வரித் திரையை முழுதாக நிரப்பினால் 4.82 மடங்கு, சில பிக்சல் நான்கு வரியும் சில ஐந்து வரியுமாக வீங்கும், திரை நகரும்போது மினுமினுக்கும். முழு எண் மடங்கைத் தேர்ந்தெடுங்கள்: 4 மடங்கில் 896 வரி, மேலும் கீழும் 92 வரி கறுப்பு. 2160 வரித் திரையில் 9 மடங்கு வைத்தால் மேலும் கீழும் 72 வரிதான் வீண்.

கேள்வி: ‘கிராஷ் பண்டிகூட் என். சேன் டிரிலஜி’யில் முதல் விளையாட்டின் தொங்கு பாலத்தைத் தாண்ட முடியவில்லை. 1996-இல் இவ்வளவு கஷ்டப்பட்டதில்லையே!

கஷ்டம் கூடித்தான் இருக்கிறது. 2017-இன் அந்த மறு உருவாக்கத்தில் மூன்று பாகங்களுக்கும் மூன்றாவதான ‘வார்ப்டு’வின் இயக்கத்தையே அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள், வெளியான பிறகு அவர்கள் தரப்பே இதைச் சொன்னது. ஆனால் பலகைகளுக்கு இடையிலான பள்ளம் முதல் பாகத்தின் தாவலுக்கு அளந்து வைத்தது. ஒருவன் அளவுக்குத் தைத்த சட்டையை அண்ணனுக்கு மாட்டியதுபோல.

விளிம்பில் வழுக்குவதும் உங்கள் கற்பனை அல்ல. மோதலைக் கணக்கிடும் வடிவம் இப்போது மாத்திரைபோல அடியில் உருண்டையானது. தட்டையான அடி என்றால் விளிம்பில் ஒரு துளி பட்டாலும் நிற்கும். உருண்டை அடி படும்போது சறுக்கி இறங்கிவிடும். ஆகவே பலகையின் நடுவைக் குறிவையுங்கள். கடைசி நொடிவரை காத்திருந்து தாவும் பழைய பழக்கத்தை விட்டுவிட்டு, கொஞ்சம் முன்னதாகவே பட்டனை அழுத்தி முழு உயரத்துக்கும் பிடித்திருங்கள். மனம் வெறுத்துப்போனால் கைப்பிடிக் கயிற்றின்மேல் ஏறி நடங்கள். அந்தப் பழைய குறுக்குவழி இதிலும் வேலை செய்கிறது, முன்பைவிடக் கூடுதல் நிதானம் வேண்டும்.

கேள்வி: முதல் சோனிக்கின் இசை இப்போது அவசர அவசரமாகக் கேட்கிறது. பிரமையா?

இல்லை. நொடிக்கு 50 முறை படம் மாறும் 50 ஹெர்ட்ஸ் டிவி இருந்த நாடுகளில் அந்த விளையாட்டு 60-க்கு 50 என்ற விகிதத்தில், ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. இசையும் சேர்ந்து இழுத்தது. இன்றைய பதிப்புகள் 60-இல் ஓடுகின்றன. நீங்கள் இப்போது கேட்பதுதான் இசையமைத்தவர் நினைத்த வேகம்.

கேள்வி: ‘பழைய ஞாபகம்’ என்று விற்கும் அடுத்த விளையாட்டை வாங்குமுன் எப்படிச் சோதிப்பது?

டிரெய்லரைப் பார்க்காதீர்கள், அதில் தாவல் முடியுமுன் காட்சியை வெட்டிவிடுவார்கள். டெமோ இருந்தால் மூன்று நிமிடம் போதும். பட்டனை லேசாகத் தட்டியும் முழுதாகப் பிடித்தும் தாவுங்கள்: முதல் சோனிக்கில் முழுத் தாவல் 96 பிக்சல், தட்டினால் பாதிக்கும் குறைவு. அந்த வித்தியாசம் இல்லாத விளையாட்டில் தாழ்ந்த கூரைக்குக் கீழே தவிப்பீர்கள். அடுத்து, மேலே சொன்ன கட்டைவிரல் சோதனை. பிறகு முழு வேகத்தில் எதிர்த்திசையை அழுத்துங்கள். சறுக்கித் திரும்பினால் நல்லது, பொம்மைபோலச் சட்டென்று திரும்பினால் வேகத்துக்கு எடையே வைக்கவில்லை என்று பொருள். டெமோ இல்லையென்றால், யாராவது வெட்டாமல் ஆடிய வீடியோவைக் கால் வேகத்தில் ஓடவிட்டு இதே மூன்றையும் தேடுங்கள். இசையும் படமும் எவ்வளவு அழகாக இருந்தாலும், கட்டைவிரல் சோதனையில் தோற்றதை நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: ‘சோனிக் 4’ மூன்றாவது எபிசோட் எப்போது வரும்?

வராது. இரண்டோடு கையை எடுத்துவிட்டார்கள், அதுவும் அங்கேயே நின்றுவிட்டது.